டேப் ஒட்டிய இடம்: ஒரு சில்வர் கதவின் கீறலும் இரண்டு முயற்சிகளும்

காரின் இடது பின்கதவில் 42 செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல். வாசல் கேட்டை சரியாக மாட்டாமல் விட்டது நான்தான். காற்றில் அது திரும்பி வந்தபோது அதன் கொக்கி கதவை முன்னிருந்து பின்னாக இழுத்துவிட்டது. கார் ஏழு வருடப் பழசு, நிறம் சில்வர் மெட்டாலிக்.

இந்த ஒரே கீறலை வீட்டிலேயே இரண்டு முறை சரிசெய்தேன். முதல் முறை கீறல் மறைந்தது, ஆனால் அதன் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த கட்டம் வந்து உட்கார்ந்தது. பத்தடி தூரத்தில் நிற்பவருக்குக் கீறல் தெரிந்திருக்காது, அந்தக் கட்டம் தெரிந்தது. இரண்டாம் முறை செய்து 14 மாதங்கள் ஆகிவிட்டன. அந்தக் கதவில் வேலை நடந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள்கூட எந்த இடம் என்று தேடத்தான் வேண்டும். இரண்டு முறையும் வாங்கியது ஒரே கலர் கோடு (காரின் நிறத்துக்குத் தயாரிப்பாளர் கொடுத்த குறியீடு), ஒரே வகை டப்பா. நிறம் மாறவில்லை என்றால் மாறியது என்ன? அதைப் பதிவு செய்து வைக்கத்தான் இந்த ஆய்வு.

கீறலின் மூன்று ஆழங்கள்

கீறலைப் பார்த்ததும் பெயிண்ட் டப்பாவைத் தேடுவதுதான் நம் எல்லோருக்கும் வரும் அவசரம். அதற்கு முன் செய்ய வேண்டியது கழுவுவது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தபோதே கீறலில் இரண்டு அங்குலம் காணாமல் போனது. அது கீறலே இல்லை, கொக்கியின் பெயிண்ட் நம் கதவில் ஒட்டியிருந்திருக்கிறது.

தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் கை தானாக நிதானப்படும். தகட்டின் மேல் முதலில் மின்சாரம் மூலம் படிய வைக்கும் துருத் தடுப்புப் பூச்சு, சுமார் 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, 30 முதல் 40 வரை. பிறகு நிறத்தைக் கொடுக்கும் பேஸ் கோட், வெறும் 12 முதல் 20. கடைசியாக பளபளப்பையும் வெயில் பாதுகாப்பையும் கொடுக்கும் நிறமற்ற கிளியர் கோட், 35 முதல் 50. எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். ஒரு எழுதும் தாளின் கனம் சுமார் 100 மைக்ரான். அந்தத் தாளுக்குள்தான் நாம் தேய்ப்பது, நிரப்புவது, பாலிஷ் போடுவது எல்லாமே.

என் கீறல் முழுவதும் ஒரே ஆழத்தில் இல்லை. முன்பக்கத்து 25 செ.மீ. மேல் தண்ணீர் தடவியதும் கோடு மறைந்தது, காய்ந்ததும் திரும்ப வந்தது. கிளியர் கோட்டில் விழுந்த பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பும்போது ஒளி சிதறாமல் நேராகப் போய்விடுகிறது, அதனால் கண்ணுக்குக் கோடு தெரிவதில்லை. தண்ணீரில் மறையும் கீறலுக்குப் பெயிண்ட் தேவையே இல்லை, பாலிஷ் போதும். அடுத்த 12 செ.மீ. தண்ணீருக்கு மறையவில்லை, நகமும் அதில் மாட்டியது, உள்ளே வெளிறிய சாம்பல் நிறம் தெரிந்தது. அது பிரைமர். கடைசி 5 செ.மீ. தகடு வரை போயிருந்தது. மறுநாள் காலையிலேயே அங்கே பழுப்பு நிறம் லேசாக எட்டிப் பார்த்தது.

ஆக, கதவில் இருந்தது ஒரு கீறல் அல்ல, மூன்று வேலைகள். இதை முதல் முயற்சியில் நான் கவனிக்கவில்லை.

முதல் முயற்சி

முதலில் டச்-அப் குப்பியில் வரும் சின்ன பிரஷ்ஷால் கோடு முழுக்கப் பூசினேன். முன்பக்கத்து 25 செ.மீ.-க்கும் சேர்த்துத்தான். மெல்லிய வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் தடித்த சாம்பல் கோடு வந்தது. மெட்டாலிக் நிறத்தை பிரஷ்ஷால் பூசினால் அப்படித்தான் ஆகும், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். தின்னரில் நனைத்த துணியால் உடனே துடைத்து எடுத்துவிட்டேன். ஈரம் காயும் முன் துடைத்ததால் பழைய கிளியர் கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் ஸ்பிரே டப்பா. ஆழமான பகுதியை 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தேன் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைசாகும்). சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு கட்டம் கட்டினேன். கதவின் மற்ற இடத்தில் பெயிண்ட் படக் கூடாது என்பதுதான் என் கவலை. பிரைமர் அடித்தேன், கலர் அடித்தேன், கிளியர் அடித்தேன், எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே. குளிர்ந்த காலை நேரம். பெயிண்ட் நன்றாகப் பிடிக்கட்டும் என்று டப்பாவை ஒரு சாண் தூரத்துக்கும் குறைவாக வைத்து கனமாக அடித்தேன்.

டேப்பை உரித்ததும் கதவில் ஒரு படி நின்றது. விரலால் தடவினால் தட்டுப்பட்டது. அதைத் தேய்த்துச் சமமாக்கிய பிறகும் நேர்க்கோட்டில் ஓரம் தெரிந்தது, உள்ளே நிறம் ஒரு சாயல் கறுத்திருந்தது.

கலர் கோடு தப்பாகிவிட்டது என்று முடிவு கட்டி, பெயிண்ட் வேலையில் பல வருடம் ஊறிய பழக்கக்கார அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். அவர் கதவுக்கு நேரே நின்று பார்த்தார், பிறகு குனிந்து பக்கவாட்டில் இருந்து பார்த்தார். “கலர் அவ்வளவு மோசம் இல்ல தம்பி. நீ டேப் ஒட்டின இடம்தான் தப்பு” என்றார்.

“நிறம் கறுத்திருக்கே அண்ணே?”

“கறுக்கத்தான் செய்யும். நான் அடிச்சாலும் கொஞ்சம் மாறும். மாறுற இடத்தைக் கண்ணுக்குக் காட்டாம இருக்கறதுதான் வேலை.”

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் இந்த வேலை எனக்குப் புரிய ஆரம்பித்தது.

ஏன் கறுத்தது, ஏன் ஓரம் தெரிந்தது

மெட்டாலிக் பெயிண்டில் நிறத்தூளோடு மிக நுண்ணிய அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிக் கண்ணாடி. மெல்லியதாக அடித்து சீக்கிரம் காய்ந்தால் செதில்கள் தட்டையாகப் படுத்துவிடும், நேரே பார்க்கும் கண்ணுக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், நிறம் வெளிர்ந்து தெரியும். ஈரமாகக் கனத்து அடித்தால் அவை அமிழ்ந்து தாறுமாறாக நிற்கும், வெளிச்சம் சிதறும், நிறம் கறுக்கும். பிரஷ்ஷால் பூசியதும் கறுத்தது இதனால்தான். ஒரே டப்பாவில் இருந்து இரண்டு சாயல் வரவழைக்க கையின் தூரமும் வேகமும் போதும். பார்க்கும் கோணம் மாறினால் நிலைமை தலைகீழாகவும் ஆகும்: நேரே பார்க்கும்போது பளிச்சென்று இருப்பது பக்கவாட்டில் கறுத்துத் தெரியும். அந்த அண்ணன் ஏன் குனிந்து பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

இதோடு, ஒரே கலர் கோடுக்குள்ளேயே தயாரிப்புக்குத் தயாரிப்பு சின்ன வேறுபாடுகள் உண்டு. ஏழு வருட வெயில் வேறு. ஆகவே, வீட்டில் டப்பாவால் அடித்து சில்வரை அச்சு அசலாகப் பொருத்துவேன் என்று கிளம்புவது வீண். அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

நம் கண்ணுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, அதுதான் நமக்கு உதவி. இரண்டு சாயல்கள் ஒரு கோட்டில் சந்தித்தால் மிகச் சிறிய வித்தியாசத்தையும் கண் பிடித்துவிடும். அதே வித்தியாசம் ஒரு முழம் தூரத்துக்கு மெல்ல மெல்ல மாறினால் பிடிக்காது. பிளெண்டிங் என்று பெயிண்டர்கள் சொல்வது இதைத்தான். பழைய நிறத்துக்கும் புதிய நிறத்துக்கும் நடுவே எல்லைக்கோடு இல்லாமல் செய்வது. நான் டேப் ஒட்டி அந்த எல்லைக்கோட்டை என் கையாலேயே வரைந்திருந்தேன்.

கிளியர் கோட்டுக்கு வேறு கணக்கு. அதற்கு நிறம் இல்லை, எனவே சாயல் பிரச்சினையும் இல்லை. ஆனால் அதன் ஓரம் பழைய பெயிண்ட் மேல் மெல்லிய சவ்வாக முடிந்தால் நாளடைவில் அங்கிருந்து உரியத் தொடங்கும். அதனால் கலர் கதவின் நடுவிலேயே கரைந்து முடிய வேண்டும், கிளியர் கதவின் இயற்கையான விளிம்பு வரை போக வேண்டும். இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் கதவு செலவானது.

இரண்டாம் முயற்சி

முதலில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு அளந்தேன். கீறலின் ஆழமான முனையில் இருந்து கதவின் பின்விளிம்புக்கு 20 செ.மீ. இருந்தது. பிரைமருக்கு 4 செ.மீ., கலர் கரைய 12 செ.மீ. என்று வைத்தாலும் 4 செ.மீ. மிச்சம். கதவுக்குள்ளேயே முடித்துவிடலாம். இதே கீறல் விளிம்பில் இருந்து 5 செ.மீ.-இல் இருந்திருந்தால் கலரைப் பக்கத்து ஃபெண்டருக்கும் (சக்கரத்தை ஒட்டிய தகடு) இழுக்க வேண்டியிருக்கும். பல கார்களில் பின் ஃபெண்டர் கூரை வரை ஒரே தகடாகப் போகிறது, கிளியரை முடிக்க விளிம்பே கிடைக்காது. அப்படி இருந்திருந்தால் பட்டறைக்குத்தான் கொண்டுபோயிருப்பேன்.

முன்பக்கத்து 25 செ.மீ.-ஐ முதலில் முடித்தேன். ரப்பர் கட்டையில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரோடு லேசாகத் தேய்த்தேன். நாலு இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பார்த்தேன். பிறகு 3000 நம்பர். கீறலின் அடி வரை போக வேண்டும் என்ற பிடிவாதம் கூடாது. புறஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது, அதை மெலிய வைத்தால் சில வருடத்தில் அந்த இடம் வெளிறிப்போகும். கோடு 90 சதவீதம் போனதும் நிறுத்திக்கொண்டேன். புதுக் கிளியர் அதன் மேலும் வரப்போகிறது என்ற தைரியமும் இருந்தது.

ஆழமான பகுதியில் என் பழைய வேலை முழுவதையும் எடுக்க வேண்டியிருந்தது. 320 நம்பர் பேப்பரால் தேய்த்து ஒவ்வொரு அடுக்கையும் சாய்வாக்கினேன். மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் மாதிரி நடுவில் தகடு, அதைச் சுற்றித் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், சில்வர், கிளியர் என்று வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு வளையமும் அரை அங்குலமாவது அகலமாக இருந்தால் சாய்வு போதும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன், எங்கே அடுக்கு மாறுகிறது என்று விரலுக்குத் தெரியாத வரை தேய்த்தேன். தகட்டில் இருந்த துருப் புள்ளிகளைச் சுத்தமாக எடுத்தேன். துரு ஒரு ஊசிமுனை மிஞ்சினாலும் மேலே போடும் வேலை எல்லாம் தண்டம். பள்ளம் இல்லாததால் பட்டி வைக்கவில்லை.

தகடு தெரிந்த இடத்தில் மட்டும் வெறும் தகட்டைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் மெல்லியதாக ஒரு கோட், அதன் மேல் நிரப்பும் பிரைமர் மூன்று கோட், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக. காய்ந்ததும் மேலே கறுப்பு ஸ்பிரேயைப் பனி போலத் தூவிவிட்டு 600 நம்பரால் தேய்த்தேன். கறுப்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே குழி இருக்கிறது என்று அர்த்தம். கறுப்பு முழுவதும் போனபோது பிரைமர் மட்டமாகிவிட்டது. கடைசியில் 800 நம்பர் ஒரு முறை, ஏனென்றால் சில்வரின் கீழே கரடான தேய்ப்புக் கோடு இருந்தால் அப்படியே மேலே தெரியும்.

மிச்சக் கதவு முழுவதையும் 1000 நம்பரால் மங்கலாக்கினேன். பளபளப்பான இடத்தில் புதுக் கிளியர் பிடிக்காது. விளிம்புகளிலும் மடிப்புக் கோட்டிலும் பேப்பரைத் தொடவில்லை, சாம்பல் நிற நார் பேடால் கையால் மட்டும் தேய்த்தேன். விளிம்பில் பெயிண்ட் எப்போதுமே மெலிந்திருக்கும், இரண்டு இழுப்பில் பிரைமர் வந்துவிடும்.

கலர் அடிப்பதற்கு முன் சோதனை அட்டைகள். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. மூன்று அட்டைகளில் பிரைமர் அடித்து, ஒன்றில் இரண்டு கோட் கலர், அடுத்ததில் மூன்று, அதற்கு அடுத்ததில் நான்கு அடித்தேன். மூன்றின் மேலும் கிளியர் அடித்தேன். கிளியர் விழுந்ததும் நிறம் ஆழமாகும், எனவே கிளியர் இல்லாத அட்டையை வைத்து நிறம் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். அட்டைகளைக் கதவின் சாய்விலேயே பிடித்து, நேர் வெயிலில், நிழலில், இரவு விளக்கில் பார்த்தேன். 22 செ.மீ. தூரத்தில் இருந்து மெல்லியதாக அடித்த மூன்று கோட் அட்டைதான் கதவுக்கு மிக அருகில் வந்தது. பழைய வேலை கறுத்ததற்கு என் கைதான் காரணம் என்பதும் அங்கேயே நிரூபணமானது.

அடிக்கும் நாளில் வெயில் நேரே படாத திறந்த இடத்தில் காரை நிறுத்தினேன். ஆவி வடிகட்டும் முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் போட்டுக்கொண்டேன். மூடிய அறைக்குள் ஸ்பிரே அடிக்கவே கூடாது. டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்து, உள்ளே குண்டு உருள ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்கினேன். மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தால் கதவைத் துடைத்தேன், பிறகு தூசி ஒட்டும் துணியால் ஒரு முறை.

கலர் போகும் இடத்தைச் சுற்றி இந்த முறை டேப் கிடையாது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளில் மட்டும் டேப்பைப் பின்பக்கமாக மடித்து ஒட்டினேன், அங்கேயும் கூர்மையான ஓரம் வராமல் இருக்க.

முதல் கோட் பிரைமரை மட்டும் மூடியது. இரண்டாவது அதைவிட 5 செ.மீ. வெளியே போனது. மூன்றாவது இன்னும் 5 செ.மீ. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மணிக்கட்டைத் திருப்பி, விரலை மெல்லத் தளர்த்தி, தூவல் காற்றில் கரையும்படி செய்தேன். கோட்டுக்குக் கோட் 10 நிமிட இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் ஓரத்தில் உலர்ந்து விழுந்த தூளை அந்த ஒட்டும் துணியால் மெதுவாக எடுத்தேன். இந்தத் தூள்தான் பலருடைய பிளெண்டிங்கைக் கெடுக்கிறது. காய்ந்த தூளில் செதில்கள் கண்டபடி நிற்கும், மேலே கிளியர் போட்டதும் ஒளிவட்டம் மாதிரி ஒரு வளையம் தெரியும். மூன்றாவது கோட் முடிந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். கலர் எங்கே முடிகிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

கிளியர் விஷயத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கடினமாக்கி கலந்த டூ-கே கிளியர் பெட்ரோலையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும், பட்டறைகளில் அதுதான். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தூவலை மூச்சில் இழுத்தால் நிரந்தர ஆஸ்துமா வரை கொண்டுபோகக் கூடியது, முறையான காற்று வழங்கும் முகமூடி இல்லாமல் தொடக் கூடாதது. ஒரு கதவின் பளபளப்புக்காக நுரையீரலைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை. கடினமாக்கி கலக்காத சாதாரண ஒன்-கே கிளியரையே எடுத்தேன். ஆயுள் குறைவு என்று தெரிந்தே எடுத்தேன்.

கதவு முழுவதும் நான்கு கோட். இரண்டாவது கோட்டில் கைப்பிடிக்குக் கீழே மூன்று சின்னக் குழிகள் வட்டமாக விலகி நின்றன. எப்போதோ போட்ட பாலிஷின் சிலிக்கான் அங்கே மிஞ்சியிருக்கிறது. அதன் மேலேயே கனமாக அடித்து மூட நினைத்தால் குழி பெரிதாகும். நிறுத்தினேன். மறுநாள் வரை காயவிட்டு, 1500 நம்பரால் அந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி துடைத்து, முதலில் வெறும் தூவலாகவும் பிறகு முழுதாகவும் அடித்தேன். சரியானது.

இரண்டு வாரம் கதவை விட்டுவிட்டேன். அதன்பின் தூசி விழுந்த இடங்களில் 2000, 3000 தேய்ப்பு, ஃபோம் பேடில் ரப்பிங் காம்பவுண்ட், பிறகு ஃபைன் பாலிஷ். மெழுகு ஒரு மாதம் கழித்துத்தான்.

அளவுமானி சொன்னது

அண்ணனிடம் பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவி இருந்தது. தொடாத வலது கதவில் 112 முதல் 120 மைக்ரான் காட்டியது. இடது கதவில் முன்பக்கம் 140-ஐ ஒட்டியும், பிரைமர் வைத்த இடத்தில் 200-க்கு மேலும் காட்டியது. கண்ணுக்குத் தெரியாததைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இந்தக் கருவி மொத்தக் கனத்தைத்தான் சொல்கிறது, அதில் கிளியர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. எண் பெரிதாக இருக்கிறதே என்று நம்பித் தேய்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இதே முறையை எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. பிளாஸ்டிக் பம்பருக்கு ஒட்டுதலுக்கென்று தனிப் பூச்சு வேண்டும். பம்பருக்குப் பின்னால் ரேடார் சென்சார் இருக்கும் கார்களில் பெயிண்டின் கனமும் உலோகச் செதிலும் சென்சாரைப் பாதிக்கலாம், தயாரிப்பாளரின் வரம்பைப் பார்க்காமல் அங்கே டப்பாவை எடுக்கக் கூடாது. மூன்று அடுக்கு முத்து நிறங்களில் நடு அடுக்கின் கனம் மாறினாலே நிறம் மாறும், அது பழகிய கைக்கான வேலை. பெயிண்ட் கொப்புளித்திருந்தால் உள்ளே துரு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று வெளியில் இருந்து தெரியாது.

14 மாதங்களுக்குப் பிறகு

கலர் கரைந்த பகுதி இன்று வரை தெரியவில்லை. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது, இடம் தெரிந்த நான் குனிந்து பார்த்தால், பிரைமர் வைத்த இடம் அரைச் சாயல் கறுத்திருக்கிறதோ என்று தோன்றும். மனைவியிடம் கேட்டால் “எங்கே?” என்கிறாள். துரு வரவில்லை. கதவு முழுவதன் பளபளப்பு வலது கதவைவிட லேசாகக் குறைந்திருக்கிறது, ஒன்-கே கிளியரில் நான் எதிர்பார்த்ததுதான்.

ஒரே ஒரு இடத்தில் கோளாறு. கதவின் கைப்பிடியைக் கழற்றாமல், சுற்றி டேப் ஒட்டிவிட்டு கிளியர் அடித்திருந்தேன். கழற்ற அரை மணி நேரம் ஆகும் என்ற சோம்பல்தான். இப்போது அந்த டேப் இருந்த கோட்டில், கீழ்ப்பக்க மூலையில், 2 மி.மீ. அளவுக்குக் கிளியர் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நகத்தால் நெம்பினால் வந்துவிடும், நெம்பாமல் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கைப்பிடியைக் கழற்றி, அந்த ஓரத்தை 1000 நம்பரால் சாய்வாக்கி, குழிக்குள் வரை கிளியர் போகும்படி மறுபடி அடிக்கப் போகிறேன்.